4 பக்கம், 81 நிமிடம்: அடுத்த ஆல்பத்தை எதைக் கொண்டு எடைபோடுவது?

மதுரை தல்லாகுளத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் நாலைந்து பேர் கூடி, ஏதாவது ஓர் ஆல்பத்தைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை குறுக்கே பேசாமல் கேட்பது சில ஆண்டுகளாக வழக்கமாக இருக்கிறது. சென்ற மாதம் அங்கே மூன்று இளைஞர்கள் வந்திருந்தார்கள். சொந்தமாக ஒரு ராக் இசைக்குழு வைத்திருக்கும் அவர்கள் இரண்டாவது ஆல்பத்துக்காக 26 நிமிடம் ஓடும் ஒரே உருப்படியை அமைத்திருந்தார்கள். அதைக் கேட்டுவிட்டு ஒளிக்காமல் கருத்துச் சொல்ல வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. அவர்களுடையதைக் கேட்பதற்கு முந்தைய வாரம், இந்த வகை முயற்சிக்கு உலகெங்கும் எடுத்துக்காட்டாகவும் எச்சரிக்கையாகவும் சொல்லப்படும் ஒன்றை நான் ஒலிக்கவிட்டேன். அது பிரிட்டனைச் சேர்ந்த யெஸ் குழு 1973 டிசம்பரில் வெளியிட்ட ‘டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்’ என்ற, இரண்டு இசைத்தட்டுகள் கொண்ட இரட்டை ஆல்பம்.

முடிந்ததும் இரண்டு தீர்ப்புகள் வந்தன. கிதார் வாசிக்கும் இளைஞர் அதைச் சிகரம் என்றார். பல ஆண்டுகளாகக் கச்சேரிகளில் மிருதங்கம் வாசித்துவரும் என் நண்பர் “இழுவையா இருக்குப்பா” என்றார். இளைஞர் விடவில்லை: “நீளமா இருந்தா இழுவையாங்கய்யா? நீங்க ஒரு மணி நேரம் பல்லவி வாசிக்கிறீங்களே.” அதற்கு நண்பர் சொன்ன பதில் இதுதான்: “எடுப்பு எங்கேன்னு காட்டு தம்பி, விடியவிடிய உக்காந்திருக்கேன்.” எடுப்பு என்பது தாளச் சுற்றில் பல்லவி வரி தொடங்கும் இடம். இந்தப் பதிலுக்குள் ஒரு முழு அளவுகோல் இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. அதை விரித்துச் சொல்ல, இந்த ஆல்பம் பிறந்த சூழலிலிருந்து தொடங்க வேண்டும்.

1960-களின் இறுதியில் பிரிட்டனில் உருவான புரோகிரசிவ் ராக், மூன்று நிமிடப் பாட்டின் சரணம், பல்லவி என்ற கூட்டை உடைத்து, பல பகுதிகளைக் கோத்த நீண்ட உருப்படிகளை நோக்கி நகர்ந்தது. ஆர்கன், மெலோட்ரான், மூக் சின்தசைசர் போன்ற விசைக்கருவிகள் கிதாருக்குச் சமமாக வந்து நின்றன. நான்கு எண்ணிக்கைத் தாளத்தோடு ஐந்தும் ஏழும் வந்தன. தனிப்பாட்டை விட ஆல்பமே அலகாயிற்று. 1968-இல் லண்டனில் தொடங்கப்பட்ட யெஸ், 1971-இல் ‘ஃப்ராஜைல்’ ஆல்பத்தால் பரவலாக அறியப்பட்டு, 1972 செப்டம்பரில் ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ ஆல்பத்தை வெளியிட்டது. அதன் மொத்த நேரம் 38 நிமிடங்களுக்குச் சற்றுக் குறைவு. மொத்தம் மூன்றே உருப்படிகள். அவற்றில் ஆல்பத்தின் பெயரைத் தாங்கிய முதலாவது உருப்படி ஏறக்குறைய 19 நிமிடம் நீண்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்புகிறது.

அந்த 19 நிமிடங்களுக்கு இன்றுவரை மரியாதை குறையவில்லை. அதற்கான காரணத்தைக் காதால் தொட்டுக் காட்ட முடியும். பறவைகளின் ஒலியும் ஓடும் நீரின் ஒலியும் மெல்ல எழுகின்றன. எதிர்பாராத நொடியில் கிதார் தறிகெட்டுப் பாய்கிறது. அந்தக் குழப்பத்திலிருந்து ஒரு தெளிவான மெட்டு பிரிந்து மேலே வருகிறது. அந்த மெட்டு நம் நினைவில் படிந்த பிறகே மற்றவை நடக்கின்றன. நடுவே எல்லாம் அடங்கி, நீர் சொட்டும் குகைக்குள் நிற்பது போன்ற மெதுவான பகுதி வருகிறது. லண்டனின் தேவாலயம் ஒன்றில் பதிவு செய்யப்பட்ட குழாய் ஆர்கன் அதன் உச்சியில் முழங்க, அங்கிருந்து விடுபட்டு முதலில் கேட்ட மெட்டு வேறு நடையில், வேறு வேகத்தில் திரும்புகிறது. திரும்பியதை நாம் அடையாளம் காண்கிறோம். நண்பர் சொன்ன எடுப்பு என்பது இதுதான்: எத்தனை தூரம் போனாலும் வந்து சேர வேண்டிய இடம் கேட்பவருக்கும் தெரிந்திருப்பது.

இவ்வளவு நன்றாகச் செய்து முடித்த ஒரு குழு அடுத்து என்ன செய்யும்? இந்த இக்கட்டில்தான் ‘அடுத்த ஆல்பம்’ என்பது தனிச் சிக்கலாகிறது. முந்தைய வெற்றி பணத்தைத் தருகிறது, ஒலிப்பதிவுக் கூடத்தில் மாதக்கணக்கில் இருக்கும் உரிமையைத் தருகிறது, வெளியீட்டு நிறுவனத்தின் நம்பிக்கையைத் தருகிறது. ‘இது வேண்டாம்’ என்று சொல்லக்கூடியவரின் குரலை மட்டும் தணித்துவிடுகிறது. யெஸ் குழுவில் அந்தக் குரல்களில் ஒன்று முன்பே போயிருந்தது. டிரம்ஸ் கலைஞர் பில் புரூஃபர்ட், ‘க்ளோஸ் டு தி எட்ஜ்’ பதிவு முடிந்த கையோடு விலகி கிங் கிரிம்சன் குழுவில் சேர்ந்துகொண்டார். அவருடைய இடத்துக்கு ஆலன் வைட் வந்தார்.

1973 மார்ச்சில் புரூஃபர்ட்டின் திருமண விருந்தில், கிங் கிரிம்சனின் தாளக் கலைஞர் ஜேமி மூயர், பரமஹம்ச யோகானந்தரின் தன்வரலாற்றைப் படிக்கும்படி யெஸ் பாடகர் ஜான் ஆண்டர்சனைத் தூண்டினார். அதே மாதம் ஜப்பான் பயணத்தில், டோக்கியோ விடுதி அறையில் அந்த நூலைப் படித்துக்கொண்டிருந்த ஆண்டர்சனின் கண்ணில் ஓர் அடிக்குறிப்பு பட்டது. இந்து சாத்திரங்களைச் சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்று நால்வகையாகப் பிரித்துச் சொல்லும் குறிப்பு அது. அதைப் பற்றிக்கொண்டு ஆண்டர்சனும் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹௌவும் சுற்றுப்பயணத்தின் விடுதி அறைகளில் இரவெல்லாம் உட்கார்ந்து நான்கு நெடிய உருப்படிகளுக்கு வரைவு போட்டார்கள்.

நம் ஊர் வாசகருக்கு இந்த நான்கு சொற்களும் அன்றாடப் புழக்கத்தில் உள்ளவை. ஆகவே ஆண்டர்சன் அவற்றை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதை வெள்ளைக்கார விமர்சகரை விடத் தெளிவாக நாம் பார்க்க முடியும். சுருதி என்பதைக் கேட்கப்பட்டது, வெளிப்படுத்தப்பட்டது என்று கொண்டு முதல் பக்கத்துக்குக் கடவுளை வெளிப்படுத்தும் அறிவியல் என்ற பொருளில் பெயர் வைத்தார். ஸ்மிருதி நினைவில் நிற்பது; அது நினைவுகூர்தலாயிற்று. புராணம் பழமையாயிற்று, தந்திரம் சடங்காயிற்று. வேர்ச்சொல்லின் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டு, அந்தச் சொற்களுக்குப் பின்னால் இருக்கும் நூல்களை அவர் தொடவில்லை. ஸ்மிருதி என்றால் நமக்கு முதலில் நினைவுக்கு வரும் தரும நூல்களின் நெடி அந்த இருபது நிமிடங்களில் எங்கும் இல்லை. இதைக் குற்றமாக நான் பார்க்கவில்லை. ஓர் அயல்நாட்டுச் சொல் ஒரு கலைஞனுக்குள் விழுந்து அவனுடைய சொந்தக் கற்பனையைக் கிளப்புவது நியாயமான வழி. நம் ஊர் மதுரை மணி ஐயர் ஆங்கில நோட்டைப் பாடி அரங்கத்தை மகிழ்வித்தபோது, அந்த மெட்டின் ஐரோப்பிய வரலாற்றை யாரும் அவரிடம் கேட்கவில்லை.

ஆனால் எண்ணிக்கை வேறு விஷயம். நூல் வகை நான்கு, இரட்டை எல்.பி. இசைத்தட்டுக்குப் பக்கமும் நான்கு. அப்படியே பொருந்திப்போன இந்தக் கணக்கு, இசை பிறப்பதற்கு முன்பே அதன் நீளத்தைத் தீர்மானித்துவிட்டது. நிமிடத்துக்கு முப்பத்து மூன்றேகால் சுற்றுக்கும் சற்றுக் கூடுதலாகச் சுழலும் எல்.பி. தட்டில், ஒலி கெடாமல் இருக்க ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 20 முதல் 22 நிமிடமே வசதியான அளவு. அதற்கு மேல் போனால் பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டியிருக்கும், ஒலி அளவும் கீழ் ஸ்தாயி ஒலிகளின் அழுத்தமும் குறையும். ஆகவே ஒவ்வொரு சாத்திரத்துக்கும் ஏறத்தாழ ஒரே நீளம் கிடைத்தது: 20 நிமிடம் 27 நொடி, 20 நிமிடம் 38 நொடி, 18 நிமிடம் 34 நொடி, 21 நிமிடம் 35 நொடி. நான்கு பிள்ளைகளுக்கும் ஒரே அளவில் சட்டை தைத்தது போன்ற இந்தச் சமப் பங்கீடே ஆல்பத்தின் உண்மையான பலவீனம் என்பது என் முடிவு. ஆன்மிகப் பொருளை எடுத்துக்கொண்டதையோ, ஆடம்பரத்தையோ, ராஜர் டீன் வரைந்த கனவுலக அட்டையையோ குறை சொல்லி எழுதப்பட்டவற்றில் பெரும்பாலானவை இந்த இடத்தைத் தொடாமலே கடந்து போயிருக்கின்றன.

இங்கே என் சொந்த அனுபவம் ஒன்று உதவும். இந்த ஆல்பத்தை நான் முதலில் கேட்டது தட்டில் அல்ல, கேசட்டில். டவுன் ஹால் ரோட்டை ஒட்டிய சந்தில், வெற்றுக் கேசட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தால் பாட்டுப் பதிந்து தரும் கடை ஒன்று இருந்தது. 90 நிமிடக் கேசட்டின் ஒரு பக்கம் 45 நிமிடம். தட்டின் முதல் இரண்டு பக்கமும் சேர்ந்து 41 நிமிடம் என்பதால் அவை ஏ பக்கத்திலும், மற்ற இரண்டும் பி பக்கத்திலும் கச்சிதமாக அடங்கின. தட்டை வைத்திருந்தவர் முதல் பக்கம் முடிந்ததும் எழுந்து போய் முள்ளைத் தூக்கி, தட்டைத் திருப்பி, தூசி துடைத்து மீண்டும் வைப்பார். எனக்கு அந்த இடைவேளை கிடைக்கவில்லை. ஒரு மெல்லிய ‘ஸ்ஸ்’ ஒலியைத் தாண்டியதும் இரண்டாவது பக்கம் தொடங்கிவிடும். பல ஆண்டுகள் அந்த இரண்டாவது உருப்படியை நான் வெறுத்துவந்ததற்குப் பாதிக் காரணம் அந்தக் கேசட். பிற்பாடு அதை மட்டும் தனியாக ஒரு காலையில் கேட்டபோதுதான், களைத்துப்போன காதோடு அதற்குத் தீர்ப்பு எழுதியிருந்தேன் என்பது புரிந்தது. நீண்ட ஆல்பத்தை எடைபோடுகிறவர், எந்தப் பாத்திரத்தில் பரிமாறப்பட்டதோ அந்தப் பாத்திரத்திலேயே ஒருமுறையாவது அதைக் கேட்க வேண்டும்.

நீளத்தைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மதுரையைச் சுற்றியுள்ள ஊர்களில் கோயில் திருவிழாவுக்கு ஸ்பெஷல் நாடகம் வைத்தால், இரவு பத்து மணிக்கு மேல் ஆர்மோனியத்தோடு தொடங்கி விடியும்வரை நடக்கும். வள்ளி திருமணத்தைப் பார்க்க வந்தவர் நடுச்சாமத்தில் கோரைப்பாயில் சற்றுக் கண்ணயர்ந்து, நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்யும் இடத்தில் எழுந்து உட்கார்ந்தாலும் ஒன்றும் தவறவிட்டவராக மாட்டார். கதை அவருக்குத் தெரியும், இப்போது எந்தக் கட்டம் என்பதும் தெரியும். ராகம் தானம் பல்லவியில் கதை கிடையாது. ஆனால் ஒரே ஒரு வரி இருக்கிறது. அந்த வரி எங்கே எடுக்கிறது, அது நின்று ஓயும் இடமான அறுதி எங்கே விழுகிறது என்பதைப் பாடகர் முதலில் காட்டிவிடுகிறார். அதற்குப் பிறகு அதே வரியைப் பலவிதமாகப் பாடும் நிரவலில் எவ்வளவு விரிந்தாலும், மூன்று காலத்தில் பாடினாலும், ஸ்வரங்களை எவ்வளவு கொட்டினாலும், முன்வரிசையில் இருப்பவரின் தொடையில் தாளம் விழுந்துகொண்டே இருக்கும். பாடகரும் கேட்பவரும் ஒரே கணக்கைப் பார்க்கிறார்கள். அதனால்தான் ஒரு மணி நேரம் ஒரு வரி நிற்கிறது.

ராக் இசையைக் கேட்பவருக்கு இந்த இரண்டு துணையும் இல்லை. முன்கூட்டித் தெரிந்த கதையும் இல்லை, கையில் போட்டுக்கொள்ள ஆவர்த்தனம் என்ற தாளச் சுற்றும் இல்லை. ஆண்டர்சனின் சொற்களோ பொருளை விட ஒலிக்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை, அவை வழிகாட்டுவதில்லை. ஆக, கேட்பவரின் நினைவில் ஒரு மெட்டை ஊன்றி, பிறகு அதைக் காணாமல் போக்கி, மறுபடி கொண்டுவந்து சேர்ப்பது ஒன்றே வழி. ஒவ்வொரு பக்கமும் இதை எவ்வளவு செய்கிறது என்று பார்த்தால், ‘டேல்ஸ்’ ஒரே தரத்தில் இல்லை என்பது தெரிகிறது.

முதல் பக்கம் தாளமற்ற கூட்டுக் குரலில் தொடங்குகிறது. ஓதுவது போல ஒரே தாழ்ந்த இழையில் சொற்கள் வருகின்றன; வரிக்கு வரி நெருக்கம் கூடுகிறது; குரல் மேல் குரல் அடுக்கப்படுகிறது; கருவிகள் ஒவ்வொன்றாகக் கீழே வந்து சேர்கின்றன; மூச்சு முட்டும் நிலையில் கதவு திறந்தது போல விசைக்கருவியின் மெட்டு வெளியே பாய்கிறது. விடியலை இதைவிட நன்றாக ராக் கருவிகளால் வரைய முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்குப் பிறகு அது அலைந்தாலும், பழகிய வாசகங்கள் திரும்பத் திரும்ப வந்து நம்மைப் பிடித்துக்கொள்கின்றன. இறுதிப் பகுதியில் குழுவின் விசைக்கருவிக் கலைஞர் ரிக் வேக்மேனின் சின்தசைசர் எழுந்து நிற்கும்போது, நடந்த தூரத்துக்கான பலன் கையில் கிடைக்கிறது.

இரண்டாவது பக்கம் அந்தச் சோதனையில் தோற்கிறது. மெலோட்ரானின் அலைகளும் பன்னிரண்டு கம்பிக் கிதாரும் அழகாகவே இருக்கின்றன; தனித்தனி நிமிடங்களாக எடுத்தால் குறை சொல்ல முடியாதவை பல உண்டு. பிரிட்டிஷ் இசைக்கலைஞர் ஸ்டீவன் வில்சன் மறுகலவை (ரீமிக்ஸ்) செய்து 2016-இல் வெளியான பதிப்பில், பழைய தட்டில் கஞ்சியாகக் கலந்திருந்த அடுக்குகள் பிரிந்து கேட்கின்றன; அதனால் என் பழைய வெறுப்பு இன்னும் குறைந்தது. ஆனாலும் பத்தாவது நிமிடத்தில் இருப்பது ஆறாவது நிமிடத்தில் வந்திருந்தால் என்ன மாறியிருக்கும் என்று கேட்டால் பதில் இல்லை. நினைவுகூர்தல் என்று பெயர் வைத்த உருப்படியில், நினைவில் வைத்துக்கொள்ளும்படி எதையும் முதலில் தராமல் விட்டதே அதன் குறை. மிருதங்க நண்பர் ‘இழுவை’ என்றது இந்தப் பக்கத்தை என்றால், அவரோடு நானும் கையொப்பமிடுவேன்.

மூன்றாவது பக்கத்தைப் பலர் காதில் போட்டுக்கொள்வதே இல்லை. எனக்கு அது துணிச்சலான பக்கம். உலோகத் தாளக் கருவிகளின் மோதலும் ஹௌவின் ஸ்டீல் கிதாரின் கீறலுமாகப் பன்னிரண்டு நிமிடத்துக்கு மேல் நம்மை வெயிலில் நிறுத்திவைத்து, பிறகு எல்லாவற்றையும் விலக்கிவிட்டு ஒற்றை நைலான் கம்பிக் கிதாரையும் ஒரு பாட்டையும் தருகிறது. அந்தப் பாட்டைத் தனியாக வெட்டியெடுத்துக் கேட்டால் இனிமையான சிறு பாட்டு, அவ்வளவுதான். வெயிலுக்குப் பிறகு கேட்டால் அது நிழல். நீளம் தன் வேலையைச் செய்யும் இடம் இது. நான்காவது பக்கத்தில் முந்தைய பக்கங்களின் மெட்டுகளைக் கிதார் நினைவூட்டுகிறது. கிறிஸ் ஸ்கொயரின் பேஸ் கிதார் முன்னால் வருகிறது. குழுவினர் சேர்ந்து தாளக் கருவிகளை அறையும் ஒரு கொந்தளிப்பு நடக்கிறது. அதிலிருந்து கரையேறும்போது வரும் பாட்டு, ஆல்பம் முழுவதற்கும் அறுதியாக அமைகிறது.

உள்ளேயிருந்தே எழுந்த எதிர்ப்பையும் கணக்கில் கொள்ள வேண்டும். இரட்டை ஆல்பத்துக்கு வேண்டிய சரக்கு இல்லை, ஒற்றை ஆல்பத்தில் அடங்காத அளவுக்கு இருக்கிறது, எஞ்சிய இடம் நிரப்பப்பட்டது என்பது வேக்மேனின் நிலை. லண்டன் மார்கன் ஒலிப்பதிவுக் கூடத்தில், நாட்டுப்புறச் சூழலுக்கு ஆசைப்பட்டு வைக்கோல் கட்டுகளையும் அட்டைப் பசுக்களையும் வைத்துப் பதிவு செய்த அந்த மாதங்களிலேயே அவர் ஒதுங்கத் தொடங்கிவிட்டார். மான்செஸ்டர் நிகழ்ச்சியில் மேடையிலேயே விசைக்கருவிகளின் மீது கறிச் சாப்பாட்டை வைத்துச் சாப்பிட்டார் என்பது அவரே பலமுறை சொன்ன செய்தி. 1974 மே மாதம் விலகினார். வாசிப்பவருக்குச் சலிப்பு என்பதாலேயே கேட்பவருக்கும் சலிப்பு என்று ஆகிவிடாது. ஆனால் அவருடைய குறை நீளத்தின் மீது அல்ல, நிரப்பியதன் மீது என்பதைக் கவனித்தால், அது நான் சொல்லும் பக்கக் கணக்கிலேயே வந்து நிற்கிறது. மறுபுறம், இந்த ஆல்பம் பிரிட்டனில் முதலிடத்தையும் அமெரிக்காவில் ஆறாமிடத்தையும் பிடித்தது. இதை வைத்தும் நான் எதையும் நிறுவ மாட்டேன்; அடுத்த ஆல்பத்தின் விற்பனையில் பெரும்பகுதி முந்தைய ஆல்பத்துக்குக் கிடைக்கும் நன்றிக்கடன்.

நீளம் குற்றமல்ல என்பதற்கு யெஸ் குழுவே சாட்சி. 1974-இன் இறுதியில், வேக்மேனின் இடத்தில் சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த பேட்ரிக் மொராஸைக் கொண்டு வெளியிட்ட ‘ரிலேயர்’ ஆல்பத்தின் முதல் பக்கமும் ஏறக்குறைய 22 நிமிடம் ஓடும் ஒரே உருப்படிதான். போருக்கு அழைப்பு, போர், அதன் பிறகான வேண்டுதல் என்று அதில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்பது சொல் புரியாதவருக்கும் தெரியும். மற்ற குழுக்களும் இதே தெருவில் நடந்தவையே. ஜெத்ரோ டல் 1972-இல் ஒரே உருப்படியால் ஒரு தட்டை நிரப்பி வென்று, மறு ஆண்டே அதே வடிவத்தில் இன்னொன்று செய்து விமர்சகர்களிடம் கடுமையாக வாங்கிக்கட்டிக்கொண்டது. பிங்க் ஃப்ளாய்ட், 1973-இன் பெருவெற்றிக்குப் பிறகு இரண்டரை ஆண்டு எடுத்துக்கொண்டு, ஒரு நெடிய உருப்படியை இரண்டாகப் பிரித்து 1975 ஆல்பத்தின் இரு முனைகளிலும் வைத்தது. நடுவில் உள்ள பாட்டுகள் எல்லாம் அந்தத் திரும்பி வருதலுக்குக் காத்திருக்கின்றன.

அடுத்த வாரம் இளைஞர்கள் தங்கள் 26 நிமிடத்தைக் கொண்டுவந்தார்கள். முதல் ஆல்பத்தோடு ஒப்பிடவில்லை. கருப்பொருள் என்ன என்றும் கேட்கவில்லை. முழுவதையும் கேட்டு முடித்த பிறகு, கருவி இல்லாமல் அதை முதலிலிருந்து வாயால் பாடிக்காட்டச் சொன்னோம். பதினோராவது நிமிடம்வரை மூவரும் தடையின்றிப் பாடினார்கள். அங்கிருந்து ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு டிரம்ஸ் வாசிப்பவர் சரியான இடத்தில் உள்ளே வந்து மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். மிருதங்க நண்பர் அதுவரை தொடையில் போட்டுவந்த தாளத்தை அந்த ஐந்து நிமிடமும் விடாமல் போட்டுக்கொண்டிருந்தார்.